அசையாத விரலில் பிறந்த வெளிச்சம்

சூளகிரியில் ஓசூர்–கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையை ஒட்டிய மொபைல் கடைகளில் ஸ்மார்ட் வாட்ச் இப்போது செல்போன் கவருக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. ஒன்றரை ஆயிரம் ரூபாய் இருந்தால் ஒன்று வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். சிப்காட் ஷிப்ட் முடிந்து வருகிற பையன்களும், மல்லித்தழை மூட்டையை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு வருகிறவர்களும் வாங்குகிறார்கள். கட்டியவுடன் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: பல்ஸ் எவ்வளவு காட்டுகிறது என்று பார்ப்பது.

வாட்சைக் கழற்றித் திருப்பினால் அடிப்பக்கம் கொஞ்சம் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பில் பச்சையாக விட்டுவிட்டு மினுக்குவதுதான் நம் கதாநாயகன். அந்த வெளிச்சம் இந்த மணிக்கட்டுக்கு வந்து சேர ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. எங்கெங்கே தங்கி வந்தது, எந்த இடத்தில் எந்த வேலைக்குப் பழகியது என்று தெரிந்துகொண்டால், ஓடும்போது அது ஏன் தடுமாறுகிறது என்பது தானாகப் புரியும்.

கடிகாரத்துக்கும் நாடிக்கும் உறவு அதைவிடப் பழையது. இங்கிலாந்தின் லிச்ஃபீல்டில் மருத்துவம் பார்த்த ஜான் ஃப்ளாயர், நாடியைத் துல்லியமாக எண்ண வேண்டும் என்பதற்காகவே சரியாக ஒரு நிமிடம் ஓடி நிற்கும் கடிகாரம் ஒன்றைச் செய்யச் சொன்னார். 1707-இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். அதில் விரல் மனிதனுடையது. கடிகாரம் நேரத்தை மட்டும் சொன்னது. நம் ஊர் வைத்தியர் மூன்று விரலை வைத்து நாடி பார்ப்பதும் கட்டைவிரலுக்குக் கீழே, உள் மணிக்கட்டில். அங்கேதான் தமனி எலும்பின்மேல் படிந்து, தொட்டால் துள்ளும். ஸ்மார்ட் வாட்ச் உட்கார்ந்திருப்பதோ கையின் வெளிப்பக்கம். அதற்குக் கீழே பெரிய தமனி கிடையாது. தோலில் மயிரிழையாக ஓடும் நுண்குழாய்களில் ரத்தம் ஏறி இறங்குவதைத்தான் அது பார்க்க வேண்டியிருக்கிறது.

அப்படிப் பார்க்கும் வித்தை 1930-களில் உருவானது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் என்ற உடலியல் ஆய்வாளர் ஒரு சிறு விளக்கின் ஒளியைத் தோலில் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை ஒளிமின்கலத்தால் அளந்தார். இதயம் துடிக்கும்போதெல்லாம் தோலில் ரத்தம் கூடுகிறது. கூடிய ரத்தம் ஒளியைக் கொஞ்சம் கூடுதலாக விழுங்குகிறது. திரும்பும் ஒளி அந்த அளவுக்குக் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைக் காகிதத்தில் கோடாக இழுத்துவிட்டால் துடிப்பு கண்ணுக்குத் தெரிந்துவிடும். 1937, 1938-இல் அவர் வெளியிட்ட கட்டுரைகளே இன்றைய எல்லா வாட்சுகளுக்கும் மூலம்.

அந்தக் கட்டுரைகளில் அவர் கூடவே ஒரு எச்சரிக்கையும் வைத்தார். கருவி தோலோடு நன்றாக ஒட்டியிருக்க வேண்டும். ஆனால் தோல் வெளிறும்படி அழுத்தக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கருவி தோலின்மேல் அசையக் கூடாது. ஆக, அசையாமல் கிடக்கும் விரலுக்காகப் பிறந்த கருவி இது. பிறந்த அன்றே அதன் பலவீனமும் எழுதி வைக்கப்பட்டுவிட்டது.

அடுத்த பல ஆண்டுகள் அதற்கு ஆய்வுக்கூடத்திலும் மருத்துவமனையிலும்தான் கழிந்தன. 1970-களின் தொடக்கத்தில் ஜப்பானின் நிஹான் கோடன் நிறுவனத்தில் தகுவோ அயோயாகி ஒரு புது வழி கண்டார். இரண்டு நிற ஒளியை அனுப்பி, துடிக்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று ஊசி குத்தாமலே சொல்லிவிடலாம் என்றார். அதிலிருந்து வந்ததுதான் பல்ஸ் ஆக்சிமீட்டர். அறுவைக் கூடத்தில் மயக்கத்தில் படுத்திருப்பவரின் விரலில் பல ஆண்டுகள் அது கவ்விக் கிடந்தது. 2021 கொரோனா அலையில் நம் வீடுகளுக்குள்ளும் வந்தது. அப்போது எல்லோரும் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கும்: உட்காருங்கள், கையை மடியில் வையுங்கள், விரலை ஆட்டாதீர்கள், எண் நிலைக்கும் வரை பொறுங்கள். ஹெர்ட்ஸ்மன் சொன்ன அதே பேச்சு.

ஓடுகிறவர்களுக்கு வேறொரு வழி பிறந்தது. பின்லாந்தின் பனிச்சறுக்குப் பயிற்சியாளர்களுக்குத் தங்கள் வீரர்களின் இதயத்துடிப்பை ஓட்டத்தின் நடுவிலேயே அறிய வேண்டியிருந்தது. செப்போ சைனாயகங்காஸ் என்ற பேராசிரியர் 1977-இல் போலார் நிறுவனத்தைத் தொடங்கினார். 1982-இல் அவர்கள் கொண்டுவந்த பிஇ 2000 என்ற கருவியில் நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை, கையில் ஒரு வாட்ச். இரண்டுக்கும் இடையே கம்பி கிடையாது. அந்தப் பட்டை ஒளியை நம்பவில்லை. இதயம் சுருங்குவதற்கு முன் அதில் எழும் மின்சாரத்தை, ஈசிஜி எடுப்பதுபோல, நெஞ்சுத் தோலிலிருந்தே பிடித்தது. கை எப்படி ஆடினாலும் நெஞ்சின் மின்சாரம் மாறாது. இன்றுவரை விளையாட்டு வீரர்கள் நெஞ்சுப் பட்டையை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் நெஞ்சுப் பட்டை தொல்லை. ஈரப்படுத்திக் கட்ட வேண்டும், வியர்வையில் வழுக்கும், இறுக்கும், தினமும் கழுவ வேண்டும். மக்கள் மணிக்கட்டிலேயே வேண்டும் என்றார்கள். கனடாவின் வான்கூவரிலிருந்த மியோ நிறுவனம் பிலிப்ஸின் தொழில்நுட்பத்தை வைத்து 2013-இல் ஆல்ஃபா என்ற வாட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பட்டை வேண்டாம், ஓடும்போதும் பல்ஸ் தெரியும் என்பது அதன் வாக்குறுதி. 2015-இல் ஆப்பிள் வாட்ச் வந்தது. ஃபிட்பிட்டின் பட்டைகளும் அதையொட்டிப் பரவின. சில ஆண்டுகளில் விலை சரிந்தது. 2022, 2023-இல் உலகின் மிகப் பெரிய ஸ்மார்ட் வாட்ச் சந்தைகளில் ஒன்றாக இந்தியா ஆனது. மருத்துவமனைக் கட்டிலில் அசையாமல் இருக்கப் பழகிய ஒரு கருவி, ஓடவும் குதிக்கவும் எடை தூக்கவும் செய்கிற கைகளுக்கு இப்படித்தான் மாறியது.

இந்தப் பயணத்தில் ஓசூர் பொருத்தமில்லாத நிறுத்தமல்ல. 1984-இல் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டனின் தொழிற்சாலை இங்கேதான் வந்தது. சுற்று வட்டாரத்துக் கிராமப் பிள்ளைகள் பள்ளிப் படிப்போடு உள்ளே போய், பூதக்கண்ணாடி வைத்து, நூலிழை போன்ற திருகுகளைப் பொருத்தக் கற்றார்கள். 2002-இல் அங்கு உருவான எட்ஜ் வாட்சின் உள்ளியந்திரம் 1.15 மில்லிமீட்டர் கனம்தான். வாட்சின் கனத்தில் ஒரு மயிரிழையைக் குறைக்கக்கூட ஆண்டுக் கணக்கில் உழைத்த ஊர் இது. நேரத்தைச் சொல்கிற வாட்சில் பிழையை எப்படி அளப்பது, எந்த அளவுவரை பொறுப்பது என்பது இந்த ஊருக்கு நன்றாகத் தெரியும். பல்ஸைச் சொல்கிற வாட்சிடம் அதே கேள்வியை நாம் இன்னும் கேட்க ஆரம்பிக்கவில்லை.

கேட்க வேண்டிய இடம் மைதானம். போலீஸ் தேர்வுக்கும் ராணுவ ஆள்சேர்ப்புக்கும் தயாராகும் இளைஞர்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஏராளம். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். சூளகிரி பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில், மலைக்குப் பின்னாலிருந்து வெயில் வருவதற்கு முன் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளை அருகிலிருந்து பார்த்தேன். நாலாவது சுற்றை முடித்தவன் மூச்சு வாங்கியபடி, பயிற்சி கொடுக்கும் மாஸ்டரிடம் வாட்சைக் காட்டினான்.

“மாஸ்டர், 178 காட்டுது. இன்னிக்கு இவ்ளோ ஏறுது.”

“நிக்காத, மெதுவா நடந்துக்கிட்டே கழுத்துல விரல் வை. நான் சொல்றப்போ எண்ணு.”

பதினைந்து விநாடி எண்ணினான். முப்பத்தெட்டு. நான்கால் பெருக்கினால் 152. மாஸ்டர் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை, அடுத்தவனைக் கூப்பிட்டார். ஓட்டம் நின்றவுடன் துடிப்பு இறங்கத் தொடங்கும் என்பதால் கழுத்தில் எண்ணியதும் ஓட்டத்தின் உச்சத்தைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்திருக்கும். அதற்காக இருபத்தாறு துடிப்பு குறைந்துவிடாது.

178 எங்கிருந்து வந்தது? அந்தப் பையன் ஓடும்போது நிமிடத்துக்கு வைக்கும் காலடிகளைப் பாருங்கள். நடுத்தர வேகத்தில் ஓடுகிறவர்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 160 முதல் 180 அடி வைக்கிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு அதிர்கிறது, கை வீசுகிறது, வாட்ச் தோலின்மேல் கொஞ்சம் நகர்கிறது, தோலுக்கடியில் ரத்தமும் அந்தத் தாளத்தில் குலுங்குகிறது. திரும்பி வரும் ஒளியில் இதயத்துடிப்பால் ஏற்படும் மாற்றம் சாதாரணமாக நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். கை வீச்சால் ஏற்படுவது அதைவிடப் பல மடங்கு. பம்பை முழங்கும் இடத்தில் நின்றுகொண்டு பக்கத்திலிருப்பவர் முணுமுணுப்பதைக் கேட்கிற வேலை அது. வாட்சுக்குள் இருக்கும் அசைவு உணரி கை வீச்சின் தாளத்தைத் தனியாக அளந்து, ஒளியிலிருந்து கழிக்கப் பார்க்கிறது. இதயத்தின் தாளமும் காலின் தாளமும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வந்துவிட்டால், எது எது என்று பிரிக்க முடியாமல் காலடியைப் பிடித்துக்கொண்டு அதையே இதயம் என்று சொல்லிவிடும். அந்தப் பையனின் வாட்ச் எண்ணியது அவன் கால்களை என்றே நினைக்கிறேன்.

பிழை எப்போதும் மேல்நோக்கியே போகும் என்றும் இல்லை. ஓசூர் ஜிம்களில் எடை தூக்குகிறவர்களைக் கவனித்தால் நேரெதிராகத் தெரியும். கம்பியை இறுக்கிப் பிடிக்கும்போது முன்கைத் தசை புடைக்கிறது, மணிக்கட்டு மடங்குகிறது, வாட்சுக்கடியில் தோல் வெளிறுகிறது. ரத்தம் ஒதுங்கிவிட்ட இடத்தில் வெளிச்சம் என்னத்தைப் பார்க்கும்? நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருக்கையில் வாட்ச் அமைதியாகத் தொண்ணூற்றுச் சொச்சம் காட்டும். மார்கழிக் குளிரும் இதையே செய்யும். மேட்டு நிலமான இந்தப் பகுதியில் விடியற்காலைக் குளிரில் தோலின் குழாய்கள் சுருங்கிக்கொள்கின்றன. உடம்பு சூடேறும்வரை, முதல் சில நிமிடங்கள், எண்ணை நம்புவதற்கில்லை. நூறு மீட்டர் ஓடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். வாட்ச் பல விநாடிகளின் கணக்கைச் சேர்த்துச் சராசரி பார்த்துத்தான் எண்ணை மாற்றுகிறது. ஓட்டம் முடிந்து நின்ற பிறகுதான் அதன் எண் மேலே ஏறிக்கொண்டிருக்கும்.

இவை வெறும் மைதானத்து அனுபவம் இல்லை. ஆய்வுக்கூடங்களும் இதையே கண்டிருக்கின்றன. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் 50 பேருக்கு ஈசிஜி மாட்டி, கூடவே மணிக்கட்டு வாட்சுகளையும் நெஞ்சுப் பட்டையையும் கட்டி, ட்ரெட்மில்லில் ஓட விட்டார்கள். 2016-இல் வெளியான முடிவில் நெஞ்சுப் பட்டை ஈசிஜியோடு 0.99 அளவுக்கு ஒத்துப்போனது. ஆப்பிள் வாட்சும் மியோ ஃப்யூஸும் 0.91. ஃபிட்பிட் சார்ஜ் எச்ஆர் 0.84, பேசிஸ் பீக் 0.83. அதே குழு அடுத்து எலிப்டிகல் கருவியில் கைப்பிடியைத் தள்ளி இழுக்கச் சொல்லிப் பார்த்தபோது மணிக்கட்டு வாட்சுகள் இன்னும் மோசமாகத் திணறின. கை எவ்வளவுக்கு ஆடுகிறதோ அவ்வளவுக்குப் பிழை. ஸ்டான்ஃபோர்டில் 60 பேரிடம் ஏழு கருவிகளை வைத்துச் சோதித்து 2017-இல் எழுதியவர்கள் ஓரளவு நல்ல சேதியும் சொன்னார்கள். ஏழில் ஆறு கருவிகள் இதயத்துடிப்பில் 5 சதவீதப் பிழைக்குள் நின்றன. எரித்த கலோரியைச் சொல்வதில் மட்டும் ஒன்றுகூட 20 சதவீதத்துக்குள் வரவில்லை. ‘இன்று இத்தனை கலோரி கரைத்தேன்’ என்று கணக்குப் பார்த்து ஒரு பிளேட் பிரியாணியைக் கூட்டிக்கொள்கிறவர்கள் இந்தக் கடைசி எண்ணை மனதில் வைக்க வேண்டும்.

நம் தோலைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். பச்சை ஒளியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், ரத்தம் அதை நன்றாக விழுங்கும். அது தோலில் ஆழமாகப் போகாததால் அசைவின் குழப்பமும் கொஞ்சம் குறையும். ஆனால் தோலுக்கு நிறம் தரும் மெலனினும் பச்சையை விழுங்குகிறது. கறுத்த தோலில் திரும்பி வரும் ஒளி குறைவு. வாட்ச் வெளிச்சத்தைக் கூட்டி ஈடுகட்ட வேண்டும். டியூக் பல்கலைக்கழகத்தில் பல நிறத் தோலுடைய 53 பேரை வைத்துச் செய்து 2020-இல் வெளியிட்ட ஆய்வு, நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை என்றது. அசைவுதான் பெரிய எதிரி. ஓய்வில் இருப்பதைவிட இயங்கும்போது பிழை சராசரியாக 30 சதவீதம் கூடுகிறது என்றும் சொன்னது. இது நமக்கு ஆறுதல்தான். ஆனாலும் அதே ஆண்டு வெளியான வேறொரு ஆய்வில், ஆக்சிமீட்டர்கள் கறுப்பினத்தவரின் ஆக்சிஜன் குறைவை வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டது தெரியவந்தது. ஆகவே நம் தோலில், நம் வெயிலில், நம் வியர்வையில் சோதித்துப் பார்க்காமல் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. கையில் பச்சை குத்தியவர்களுக்கு இன்னும் கஷ்டம். ஊர்ப் பெரியம்மாக்கள் பலருக்கு முன்கையிலிருந்து மணிக்கட்டுவரை பச்சைக் கோலம் இருக்கிறது. பேரன் ஆசையாக வாங்கித் தந்த வாட்ச் அந்த மையைத் தாண்டிப் பார்க்க முடியாமல் நின்றுவிடும்.

இதில் என் கவலை அழகுக்குக் கட்டுகிறவர்களைப் பற்றியல்ல. 2021 அக்டோபர் 29 அன்று பெங்களூரில் ஜிம் பயிற்சிக்குப் பிறகு நெஞ்சுவலி வந்து கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் இறந்தார். வயது 46. கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் பேசுகிற இந்த எல்லைப் பகுதியில் அது சொந்த வீட்டுச் சாவுபோல விழுந்தது. பெங்களூர் ஜெயதேவா இதய மருத்துவமனையில் பரிசோதனைக்குக் கூட்டம் நெருக்கியது. அதன்பின், பயத்தில் வாட்ச் கட்டியவர்களை நான் அறிவேன். அவர்கள் அதை ஒரு காவல்காரனாக நினைக்கிறார்கள். எண் எல்லைக்குள் இருந்தால் ஆபத்தில்லை என்று நம்புகிறார்கள். வாட்ச் துடிப்பை எண்ணத்தான் முயல்கிறது. ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. விலை கூடிய வாட்சுகளில் 2018-க்குப் பின் வந்த ஈசிஜி வசதிகூட, உட்கார்ந்து விரலை வைத்து அரை நிமிடம் அசையாமல் இருந்தால்தான் வேலை செய்யும். அதனாலும் மாரடைப்பைக் கண்டுபிடிக்க முடியாது. நெஞ்சு அழுத்தினாலோ, இடது கைக்கோ தாடைக்கோ வலி ஓடினாலோ, காரணமில்லாமல் வியர்த்துக் கொட்டினாலோ வாட்ச் என்ன காட்டுகிறது என்று பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொரு கணக்கும் தவறாகப் புழங்குகிறது. 220-இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்று ஜிம்களில் சுவரிலேயே எழுதி வைக்கிறார்கள். அது கூட்டத்தின் சராசரி. தனி மனிதருக்கு அந்த எண் பத்துப் பன்னிரண்டு துடிப்பு இப்படியோ அப்படியோ தள்ளியிருப்பது சாதாரணம். தள்ளிப்போன உச்சத்தை வைத்து, காலடியை எண்ணும் வாட்சைப் பார்த்து, ‘சிவப்பு மண்டலம்’, ‘ஆரஞ்சு மண்டலம்’ என்று ஓட்டத்தைக் கூட்டிக் குறைத்தால் இரண்டு பிழை ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்கிறது.

வாட்சைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே அது காட்டும் ஓய்வுத் துடிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மாதக் கணக்கில் அது எப்படி இறங்குகிறது, காய்ச்சலுக்கு முன் எப்படி ஏறுகிறது என்று கவனிப்பது நல்ல பழக்கம். நடைப்பயிற்சியிலும் நம்பலாம். ஓடும்போது கட்டினால் மணிக்கட்டு எலும்பிலிருந்து இரண்டு விரல்கடை மேலே ஏற்றி, நகராத அளவுக்கு இறுக்கி, தோல் வெளிறும் அளவுக்குப் போகாமல் கட்டுங்கள். எடை தூக்கும்போது அதைப் பார்க்கவே வேண்டாம். தேர்வுக்கு உண்மையாகத் தயாராகிறவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரு நெஞ்சுப் பட்டை வாங்கினால் போதும். கழுவிக் கழுவி முறைவைத்துக் கட்டலாம். அதுவும் முடியாதென்றால் அந்த மாஸ்டர் சொன்ன வழி இருக்கிறது: கழுத்தில் விரல், பதினைந்து விநாடி, நான்கால் பெருக்கல். ஓடும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச முடிந்தால் வேகம் மிதம், ஒன்றிரண்டு சொல்தான் வருகிறது என்றால் கடுமை.

வாட்ச் செய்கிறவர்களிடம் கேட்க ஒன்றுண்டு. இன்று பெட்டியின் மூலையில் பொடி எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், ‘இது மருத்துவக் கருவி அல்ல’ என்று மட்டும் போட்டுவிட்டுக் கைகழுவிவிடுகிறார்கள். உட்கார்ந்திருக்கையில் பிழை எவ்வளவு, நடக்கையில் எவ்வளவு, ஓடுகையில் எவ்வளவு, எடை தூக்குகையில் எவ்வளவு என்று நான்கு எண்களைப் பெரிதாக அச்சிடுங்கள். அந்த எண்களை நம் ஊர்த் தோலில், நம் ஊர் மைதானத்தில் ஓடுகிறவர்களிடம் அளந்து போடுங்கள். தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் போடுங்கள். ஒரு நாளுக்குச் சில விநாடிப் பிழையைக்கூடப் பொறுக்காத வாட்ச் தொழில் வளர்ந்த ஓசூரிலிருந்தே அது தொடங்கட்டும்.